கட்டைவழி நிரலாக்கமும் தமிழ்த் தொடரமைப்பும்

1. முன்னுரை

கணினிக்குக் கட்டளையிடும் முறையைச் சிறார்க்குப் பள்ளியிலேயே கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று பல நாடுகளின் கலைத்திட்டங்களில் இடம்பெற்றுவிட்டது. மலேசியாவில் 2017 ஆம் ஆண்டு முதல் கணிமைச் சிந்தனை ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டத்தில் இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாயிற்று. சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப்பள்ளி உயர்நிலை வகுப்பு மாணவர் அனைவரும் நிரலாக்கப் பயிற்சி பெறும் வகையில் திட்டம் விரிவாக்கப்பட்டது. இப்பயிற்சிகளில் பெரிதும் கையாளப்படுவது கட்டைவழி நிரலாக்கமாகும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், கட்டளை எழுதப்பட்ட வண்ணக் கட்டைகளைத் திரையில் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தி நிரலை அமைக்கும் முறையையே இப்பெயரால் குறிக்கிறோம்.

இம்முறை பற்றிய உரையாடல் பெரும்பாலும் கணினி ஆசிரியரின் எல்லைக்குள்ளேயே நடைபெற்று வருகிறது. தமிழாசிரியர்க்கு இதில் வேலையில்லை என்னும் எண்ணமும் நிலவுகிறது. ஆயின், கட்டை ஒவ்வொன்றின் மீதும் இருப்பது ஒரு மொழித்தொடர். கட்டைகளைப் பொருத்துவது தொடர்களைப் பொருத்துவதேயாகும். ஆகவே, கட்டைகளைத் தமிழில் அமைப்பது சொற்களை மொழிபெயர்ப்பதோடு முடிவதில்லை. அது தமிழ் இலக்கணத்தைத் துணைகொண்டு செய்ய வேண்டிய பணி. இதனை விளக்குவதும், தமிழ் வகுப்பறையில் இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இந்நோக்கத்தின் இன்றியமையாமையை ஒரு செய்தியால் உணரலாம். மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறு ஆண்டுகள் மட்டுமே தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு கற்கின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அவர்க்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது. கட்டளை, நிபந்தனை, மாறி, சுழற்சி ஆகிய கருத்துகளைத் தமிழில் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அவ்வாறு ஆண்டுகளுக்குள் கிட்டாவிடின், பின்னர்க் கிட்டுதல் அரிது.

2. கட்டைவழி நிரலாக்கத்தின் தோற்றம்

சிறார்க்கான நிரலாக்கத்தின் வரலாறு 1967 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். பேப்பர்ட் கணித அறிஞர்; ஜெனீவாவில் உளவியலறிஞர் ஜான் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை தன் அறிவைத் தானே கட்டமைத்துக் கொள்கிறது என்னும் பியாஜேயின் கொள்கையை ஏற்று, பிறர் காணத்தக்க ஒரு பொருளைத் தன் கையால் உருவாக்கும்போது அக்கட்டமைப்பு மேலும் வலுப்பெறுகிறது என அவர் விரித்துரைத்தார். 1980 இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் அவருடைய நூல் இக்கருத்தைக் கல்வியுலகில் பரப்பியது.

லோகோவில் ஆமை என வழங்கும் ஓர் உருவம் கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு வரையும். சதுரம் வரைய விரும்பும் மாணவர், "100 காலடி நகர், 90 பாகை திரும்பு" என்னும் இரு கட்டளைகளை நான்கு முறை செய்யச் சொன்னால் போதும். முக்கோணம் வரையப் புகும்போது பலரும் 60 பாகை எனக் கொடுப்பர். சமபக்க முக்கோணத்தின் உட்கோணம் 60 பாகை என அவர்கள் கற்றிருப்பதே காரணம். ஆமை மூன்று முறை திரும்பியபின் திரையில் தோன்றுவது அறுகோணத்தின் பாதி. மாணவர் எழுந்து தாமே முக்கோணப் பாதையில் நடந்து பார்த்தால், ஒவ்வொரு முனையிலும் தம் உடல் 120 பாகை திரும்புவதை உணர்வர். தம் உடலைக் கொண்டே ஆமையின் இயக்கத்தை அறிதலைப் பேப்பர்ட் பெரிதும் வலியுறுத்தினார். பிழை என்பது தண்டனைக்குரிய குற்றமாகாமல் ஆராய்ச்சிக்குரிய பொருளாக மாறுவது இம்முறையின் சிறப்பாகும்.

எனினும், லோகோவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும், ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் இயங்காது. கருத்து சரியாக இருந்தும் எழுத்துப்பிழையால் மாணவர் சோர்ந்து போவதுண்டு. இத்தடையை நீக்கும் முயற்சியாக 1996 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லோகோ பிளாக்ஸ் உருவானது. அதே கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2007 இல் ஸ்கிராட்ச் என்னும் நிரலாக்கச் சூழலை வெளியிட்டது. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையினரைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட இச்சூழலின் மூன்றாம் பதிப்பு 2019 சனவரியில் வெளிவந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிரையன் ஹார்வியும் யென்ஸ் மோனிக்கும் உருவாக்கிய ஸ்னாப், கூகுள் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட பிளாக்லி என்பனவும் இவ்வழி வந்தவையே. ஸ்னாப், பிளாக்லி ஆகிய இரண்டிற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

3. கட்டையின் வடிவமும் இலக்கண வகையும்

கட்டைவழி நிரலாக்கத்தின் நுட்பம் வடிவத்தில் உள்ளது. பொருந்தாத இரு கட்டைகள் திரையில் ஒட்டா. எந்தக் கட்டை எதனோடு சேரும் என்பதை அதன் விளிம்பே மாணவர்க்கு உணர்த்துகிறது. ஸ்கிராட்சில் காணப்படும் கட்டை வடிவங்களைத் தமிழ் இலக்கணக் கண்கொண்டு நோக்கின், அவை தொடர் வகைகளோடு ஒத்துச் செல்வதைக் காணலாம்.

முதலாவது, மேற்புறம் வளைந்த தொடக்கக் கட்டை. "கொடியைச் சொடுக்கியதும்" என்பது போன்ற தொடர் இதன்மேல் அமையும். இத்தொடர் தானே முடிவுபெறாது. பின்வரும் வினையை அவாவி நிற்கும். கட்டையின் மேல் வேறெதுவும் பொருந்தாது. கீழே மட்டும் பொருந்தும். எச்சத்தொடரின் இயல்பும் இதுவே.

இரண்டாவது, மேலும் கீழும் பொருத்துவாய் உடைய கட்டளைக் கட்டை. "10 காலடி நகர்", "2 நொடி காத்திரு" என்பன இவ்வகை. இவை ஏவல் வினைமுற்றுகளைக் கொண்ட தொடர்கள். ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையும் அடுக்கலாம்.

மூன்றாவது, இருபுறமும் வட்டமான கட்டை. "மதிப்பெண்", "விடை" என ஒரு மதிப்பைத் தருவது. இது பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும். தனித்து நின்று நிரலாகாது. பிறிதொரு கட்டையின் வெற்றிடத்தில் அமர்ந்தே பயன்தரும்.

நான்காவது, இருபுறமும் கூர்மையான அறுகோணக் கட்டை. இது உண்மை அல்லது பொய் என்னும் இரண்டிலொன்றைத் தரும். "மதிப்பெண் 50ஐவிடப் பெரிது" என்பது எடுத்துக்காட்டு. இது குறிப்பு வினைமுற்றால் முடிந்த ஒரு கூற்று.

ஐந்தாவது, பிற கட்டைகளைத் தன் வாய்க்குள் ஏற்கும் கவைக் கட்டை. "இவற்றை 10 முறை செய்" என்பதும், "மதிப்பெண் 50ஐவிடப் பெரிது எனில்" என்னும் நிபந்தனையும் இதில் அடங்கும்.

எச்சம், முற்று, பெயர், கூற்று என மாணவர் இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யும் பாகுபாடுகள் இங்கே கண்ணாற் காணவும் கையாற் பொருத்தவும் கூடிய வடிவங்களாகின்றன. எச்சத்தொடர் தனித்து நின்றால் பொருள் முடிவதில்லை என ஆசிரியர் கூறுவதை, தொடக்கக் கட்டையின் கீழ் எதையும் பொருத்தாமல் இயக்கிப் பார்க்கும் மாணவர் தாமே கண்டறிவார், எதுவும் நிகழாது.

4. தாய்மொழியும் கற்றல் விரைவும்

கட்டைகள் எம்மொழியில் இருந்தாலென்ன, மாணவர் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்த்துப் பழகிக்கொள்வர் என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைச் சோதிக்கும் ஆய்வொன்று 2017 இல் வெளிவந்தது. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஸ்கிராட்ச் பயனாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். தம் நாட்டு முதன்மை மொழியில் கட்டைகளைப் பயன்படுத்திய தொடக்கநிலைக் கற்போர், அதே நாட்டில் ஆங்கிலக் கட்டைகளைப் பயன்படுத்தியோரைவிட விரைவாகப் புதிய நிரலாக்கக் கருத்துகளைக் கையாளத் தொடங்கினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. தமிழ் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும், கட்டையின் மேலுள்ள மொழி கற்றலைத் தொடுகிறது என்பதற்கு அது தக்க சான்றாகும்.

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் பயிற்றுமொழி மாற்றத்தின் விளைவை நேரில் கண்டவை. 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. 2009 இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்க் கலைச்சொற்கள் வகுப்பறைப் புழக்கத்திலிருந்து விலகின. புழக்கத்திலிருந்து விலகிய சொல்லை மீட்பது புதுச்சொல்லைப் படைப்பதைவிடக் கடினமானது. நிரலாக்கத்துறை இளமையானது, அதன் சொற்கள் சிறார் வாயில் இன்னும் நிலைபெறவில்லை. எனவே, இச்சொற்களையும் தொடர்களையும் செப்பமாக அமைக்கும் பணியை இப்பொழுதே மேற்கொள்ளுதல் தகும்.

5. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

கட்டைகளை மொழிபெயர்ப்போர்க்குக் கிடைப்பது தனித்தனித் தொடர்களின் பட்டியல். ஒவ்வொரு தொடரிலும் எண்ணோ பெயரோ அமரும் வெற்றிடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெற்றிடத்தில் எச்சொல் வந்து அமரும் என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டி அறியார். இச்சூழலில் தமிழுக்கு நான்கு சிக்கல்கள் எழுகின்றன.

5.1 சொல்வரிசை: ஆங்கிலத்தில் ஏவல்வினை தொடரின் முதலில் நிற்கும், தமிழில் இறுதியில் நிற்கும். வெற்றிடத்தை முன்னுக்குக் கொணர்ந்து "[10] காலடி நகர்" என அமைப்பது எளிது. வினை இறுதியில் வரும் ஜப்பானியம், கொரியம், துருக்கியம் ஆகிய மொழிகளும் இச்சிக்கலை எதிர்கொண்டவையே. கவைக் கட்டையில் மட்டும் சற்றுக் கருத்துச் செலுத்த வேண்டும். "[10] முறை திரும்பச் செய்" என மேலே எழுதினால், எதைச் செய்வது என்னும் செயப்படுபொருள் கட்டையின் வாய்க்குள் பின்னர் வருகிறது. "இவற்றை [10] முறை செய்" எனச் சுட்டுப்பெயரைப் பெய்தால், அது பின்வருவனவற்றைச் சுட்டித் தொடரை நிறைவாக்கும்.

ஈண்டுக் 'காலடி' என்னும் சொல்லைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 'அடி' என்றால் நீட்டலளவை என மாணவர் மயங்குவர். ஸ்கிராட்ச் மேடையின் அகலம் 480 அலகும் உயரம் 360 அலகும் ஆகும். அங்கே ஒரு காலடி என்பது இவ்வலகுகளுள் ஒன்றேயன்றி, அளவுகோலின் அடியன்று.

5.2 தன்வினையும் பிறவினையும்: ஆங்கில வினைச்சொல் பலவிடங்களில் தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவாக நிற்கும். தமிழில் 'நகர்', 'நகர்த்து' என்றும், 'திரும்பு', 'திருப்பு' என்றும் இரண்டிலொன்றைத் தெரிந்தாக வேண்டும். 'நகர்த்து' என்றால் மாணவர் கணினியிடம் பேசுகிறார். கணினி பூனையை நகர்த்துகிறது. 'நகர்' என்றால் மாணவர் பூனையிடமே பேசுகிறார். ஸ்கிராட்சின் ஜப்பானியப் பதிப்பு பிறவினையை ஆள்கிறது. கற்பவர் தம்மை ஆமையாக எண்ணி நடந்து பார்த்தல் வேண்டும் என்னும் பேப்பர்ட்டின் கருத்தை ஏற்போமாயின், தமிழில் தன்வினையே பொருந்தும் என்பது நம் கருத்து. வியங்கோளாக 'நகர்க' என்பதோ, மரியாதை ஏவலாக 'நகரவும்' என்பதோ இங்கு வேண்டா. தன் வயதொத்த தோழனை ஏவும் நேர்மை சிறுவர்க்கு இயல்பானது.

5.3 வேற்றுமை: ஒரு பாத்திரத்தை நோக்கித் திரும்புமாறு ஏவும் கட்டையைக் கருதுவோம். வெற்றிடத்தில் 'பூனை', 'மரம்', 'பந்து' என எழுவாய் வடிவமே அமரும். "[பூனை] நோக்கித் திரும்பு" என்பது வழு. 'பூனையை', 'மரத்தை', 'பந்தை' என ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வகையாகத் திரிந்தே இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். வெற்றிடத்தில் அமர்ந்த சொல்லைக் கட்டை திரிக்காது. மாறியின் மதிப்பை அமைக்கும் கட்டையிலும் இதே இடர் நேர்கிறது.

5.4 நிபந்தனை: இதுவே நான்கனுள் கடினமானது. விளிம்பைத் தொடுதல் என்னும் நிகழ்ச்சி நிரலில் மூன்று சூழலில் வரலாம். தமிழில் அது முறையே "தொட்டால்", "தொடும் வரை", "தொடவில்லை" என மூன்று வடிவங்கொள்ளும். ஆங்கிலத்தில் ஒரே எச்சவடிவம் மூன்று சூழலுக்கும் பொருந்திவிடுகிறது. அறுகோணக் கட்டையோ ஒன்று. அதன்மேல் எழுதக்கூடிய வடிவமும் ஒன்றே. "தொடுகிறதா?" என வினாவாக எழுதி அதனை 'வரை' என்பதன் முன் பொருத்தினால், "விளிம்பைத் தொடுகிறதா? வரை" என்னும் பொருந்தாத் தொடர் பிறக்கும். இவ்வாறு அமைந்த தொடர்களை நாள்தோறும் படிக்கும் சிறுவர், தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என முடிவு செய்வாராயின், குறை தமிழின்கண் இல்லை. தொடரை அமைத்தவரின் கண் உள்ளது.

6. 'என்' வினையின் துணை

மூன்றாம், நான்காம் சிக்கல்களைத் தீர்க்கும் கருவி தமிழிலேயே உள்ளது. 'என்' என்னும் வினையடியாகப் பிறந்த 'என', 'என்று', 'என்பது', 'எனில்' முதலிய சொற்கள், தமக்கு முன் நிற்கும் சொல்லையோ தொடரையோ உள்ளவாறே ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை. முன்னுள்ளது பெயராயினும் வினைமுற்றாயினும் முழுவாக்கியமாயினும் அதனைத் திரிக்க வேண்டுவதில்லை. வேற்றுமை உருபையும் நிபந்தனைப் பொருளையும் இச்சொற்களே சுமந்துகொள்ளும்.

இதனைக் கட்டைகளில் பொருத்திக் காண்போம். "[பூனை] என்பதை நோக்கித் திரும்பு", "[மதிப்பெண்] என்பதை [0] ஆக்கு", "[மதிப்பெண்] என்பதுடன் [1] கூட்டு", "[மதிப்பெண்] என்பதன் மதிப்பு" என அமைப்பின், வெற்றிடத்தில் எப்பெயர் வந்தாலும் தொடர் வழுவாது. பாத்திரத்தின் பெயர் வள்ளி என உயர்திணையாக இருப்பினும், இங்குச் சுட்டப்படுவது பெயரே ஆதலின் 'என்பதை' என அஃறிணை ஒருமையில் முடிதல் பொருந்தும்.

நிபந்தனைக்கும் அவ்வாறே. அறுகோணக் கட்டையில் "[விளிம்பு] என்பதைத் தொடுகிறது" என முற்றுத்தொடராக எழுதிவிட்டால், "தொடுகிறது எனில்", "தொடுகிறது என ஆகும் வரை இவற்றைச் செய்", "தொடுகிறது என்பது பொய்" என மூன்று சூழலிலும் அது பொருந்தும். "மதிப்பெண் 50ஐவிடப் பெரிது" என்னும் கூற்றும் அச்சட்டங்களிலேயே பிழையின்றி அமர்கிறது. "என்பது பொய்" என்பது பேச்சில் சற்று நீண்டு ஒலிக்கலாம். எனினும், எதிர்மறை என்பது ஒரு கூற்றின் உண்மையை மறுத்தலே என்னும் அளவையியல் கருத்தை அது மாணவர்க்குத் தெளிவுறக் காட்டுகிறது.

இத்தொடர்களைச் செயற்படுத்த மென்பொருள் நிறுவனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஸ்கிராட்சில் ஆசிரியர் தாமே புதுக்கட்டைகளை ஆக்கிக்கொள்ளலாம். வெற்றிடத்தை முதலிலும் தமிழ்ச்சொற்களைப் பின்னரும் வைத்து "[ ] காலடி நகர்" என வரையறுத்து, அதனுள் மூலக் கட்டையைப் பொருத்தினால் போதும். மாறிகளுக்கும் பாத்திரங்களுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். ஆயின், ஸ்கிராட்சில் ஆக்கப்படும் புதுக்கட்டை கட்டளைக் கட்டையாக மட்டுமே அமையும். கவைக் கட்டையும் அறுகோணக் கட்டையும் தாமே ஆக்க விரும்புவோர் ஸ்னாப்பை நாடலாம். கட்டைகளைத் தாமே படைத்தல் என்பதே அதன் பழைய பெயரின் பொருளாகும்.

7. தமிழ் வகுப்பில் ஒரு பயிற்சி

இனி, நிரலாக்கத்தால் இலக்கணம் கற்பிக்கும் ஒரு வழியைக் காண்போம். பயனாளரிடம் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்டு, அதனோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்துக் கூறும் நிரலை மாணவர் அமைக்கட்டும். இணைக்கும் கட்டையில் 'விடை' என்பதையும் 'ஐ' என்பதையும் இட்டால், 'கிளி' என்னும் சொல்லுக்குக் கணினி "கிளிஐ" என விடை தரும். மாணவர் நகைப்பர். அந்நகைப்பிலிருந்து பாடம் தொடங்குகிறது. தாம் இயல்பாகக் கூறும் 'கிளியை' என்னும் சொல்லில் யகரம் எங்கிருந்து வந்தது என அவர்கள் எண்ண வேண்டியுள்ளது.

சொல்லின் இறுதி உயிர் இ, ஈ, ஐ ஆயின் யகரம் உடம்படுமெய்யாகத் தோன்றும் என்னும் விதியை ஒரு நிபந்தனைக் கட்டையாக்கினால், கிளி, தீ, பூனை ஆகியவை 'கிளியை', 'தீயை', 'பூனையை' எனச் சரியாக வரும். 'பலா', 'பூ' என்பன வகரம் பெறும்; அதற்கு இன்னொரு நிபந்தனை. 'மரம்' என்பது மகரங்கெட்டு அத்துச்சாரியை பெறும், அதற்கு மற்றொன்று. அடுத்து 'பசு', 'பாம்பு', 'ஆடு' ஆகியவற்றை மாணவர் இட்டுப் பார்க்கட்டும். மூன்றும் உகரத்தில் முடிகின்றன. ஆயின் 'பசுவை', 'பாம்பை', 'ஆட்டை' என மூவகையாக முடிகின்றன. 'காது' என்பதோ 'ஆடு' போல் ஒற்று இரட்டாமல் 'காதை' என்றாகிறது. முற்றியலுகரம், குற்றியலுகரம் என்னும் பாகுபாடும், டகர றகர மெய்கள் இரட்டித்தலும் ஏன் தேவைப்படுகின்றன என்பது அப்பொழுது மாணவர்க்கு வினாவாகவே எழும். வினா எழுந்தபின் தரப்படும் விதி மனத்தில் நிற்கும்.

இப்பயிற்சியில் எழுத்தைப் பற்றிய ஓர் உண்மையும் வெளிப்படும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஸ்கிராட்ச் 5 என விடையளிக்கும்; நாம் அறிந்த எழுத்துகளோ 3. கணினி பயன்படுத்தும் ஒருங்குறி முறை, 1988 இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி, உயிர்மெய்யின் உயிர்க்குறியையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கிறது. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தாவது இவ்வாறே. 'கிளி' என்பதன் இறுதிக்குறியைக் கேட்டால் 'ளி' என வாராமல் இகரக்குறி மட்டும் வரும். புணர்ச்சி விதிக்கு நமக்கு வேண்டியதும் அதுவே. அக்குறியைத் தனியே தட்டச்சு செய்தல் சிறுவர்க்கு அரிதாதலின், 'கி' என்பதன் இரண்டாம் எழுத்து எதுவோ அதனோடு ஒப்பிடுமாறு நிரலை அமைக்கலாம். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணும் நிரலை அமைத்தால், 'தமிழ்', 'அம்மா' இரண்டிற்கும் 3 என்னும் சரியான விடை கிட்டும். எழுத்து என்பது யாது என்னும் எழுத்திலக்கணத்தின் முதல் வினாவுக்கு நான்காம் ஆண்டு மாணவர் இவ்வாறு தாமே வந்து சேர்வர்.

8. வரம்புகள்

இம்முறையைப் பற்றி மிகையான எதிர்பார்ப்புக் கொள்ளலாகாது. நியூயார்க் நகரின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோர் லோகோ கற்ற மாணவரை ஆராய்ந்து 1984 இல் முடிவுகளை வெளியிட்டனர். வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் பணியில், லோகோ கற்றவர் கல்லாதவரைவிடச் சிறந்து விளங்கவில்லை. நிரலாக்கம் கற்றால் பிற துறைகளிலும் சிந்தனை தானே கூர்மையடையும் என்னும் நம்பிக்கைக்கு இது தடையாயிற்று. ஒரு துறையில் கற்றதைப் பிறிதொரு துறைக்குக் கொண்டுசெல்ல ஆசிரியரின் வழிகாட்டல் வேண்டும். புணர்ச்சி நிரலை அமைத்த மாணவர்க்கு இலக்கண விதியை அதனோடு பொருத்திக் காட்டும் ஆசிரியர் இல்லையேல், அது விளையாட்டாகவே முடியும்.

கட்டைகளிலிருந்து உரைவழி நிரலாக்கத்திற்கு மாறுவது குறித்தும் ஐயம் எழலாம். டேவிட் வெய்ன்ட்ராப், யூரி விலென்ஸ்கி ஆகியோர் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வில், ஐந்து வாரப் பயிற்சியின் முடிவில் கட்டைவழிக் கற்றவர் உரைவழிக் கற்றவரைவிட மேம்பட்டிருந்தனர். பின்னர் இரு சாராரும் ஜாவா மொழியைப் பத்து வாரம் கற்றபின் அவ்வேறுபாடு மறைந்தது. கட்டைவழிக் கற்றதால் பின்தங்கவும் இல்லை. நிலையான முன்னேற்றமும் தானாக அமையவில்லை. ஆகவே, கட்டை என்பது தொடக்கப்படி. மேற்படிகளை நாமே அமைத்துத் தர வேண்டும்.

தமிழ்க் கட்டையில் பழகியவர் பின்னர் ஆங்கில நிரல்மொழியில் இடர்ப்படுவரோ என்பது மற்றோர் ஐயம். ஸ்னாப்பில் மொழித் தெரிவை மாற்றினால் கட்டைமேலுள்ள சொற்கள் மாறுமேயன்றி நிரலின் இயக்கம் மாறாது. ஒரே நிரலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் காட்டும் ஆசிரியர், கருத்து வேறு, அதனைச் சுமக்கும் மொழி வேறு என்பதை எளிதில் உணர்த்தலாம். தமிழில் தெளிந்த கருத்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது சொல்லை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டும்.

9. முடிவுரை

கட்டைவழி நிரலாக்கம் தட்டச்சுப் பிழையின் தொல்லையை நீக்கிக் கருத்தை முன்னிறுத்தியது. அதனால் கட்டைமேலுள்ள தொடரின் செப்பமே கருத்தின் தெளிவாயிற்று. அத்தொடரைத் தமிழில் வழுவின்றி அமைக்கச் சொல்வரிசை, தன்வினை பிறவினை, வேற்றுமை, எச்சம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். அத்தேர்ச்சி தமிழாசிரியரிடமே உள்ளது; கணினி வல்லுநரிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று.

இதன் பொருட்டு மூன்று பணிகளை முன்மொழிகிறோம். முதலாவது, ஆரம்பப் பள்ளிக்கு வேண்டிய அடிப்படைக் கட்டைகளின் தமிழ்த் தொடர்களைத் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒருங்கமர்ந்து வரையறுத்தல். இரண்டாவது, அத்தொடர்களை ஒரு வகுப்பில் கையாண்டு, மாணவர் எங்கே தடுமாறுகின்றனர் எனக் குறித்துத் திருத்துதல். மூன்றாவது, ஆசிரியர் பயிற்சிக் கழகங்களின் தமிழ்ப் பிரிவுகளில் புணர்ச்சி, எழுத்தெண்ணிக்கை போன்ற இலக்கணப் பயிற்சிகளை நிரல்வழி அமைக்கும் செய்முறையை ஓர் அலகாகச் சேர்த்தல். இவற்றுள் முதற்பணிக்குப் பெரும்பொருட்செலவு வேண்டா. ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியர் சில பிற்பகல்கள் உடனிருந்து பணியாற்றினால், மாணவர்க்கு வேண்டிய முதல் இருபது கட்டைகள் தமிழில் உருப்பெற்றுவிடும்.